சிமிட்டாத சிவப்புப் புள்ளி

அத்தியாயம் ஆறு

மொத்தம் பதினோரு விநாடி. அதை நான் அன்று காலையில் இருபது தடவை பார்த்துவிட்டேன். என் கல்யாண வீடியோவைக்கூட ஒரு தடவைக்கு மேல் பார்த்தது கிடையாது.

"இன்னொருக்கா போடுங்க சார்," என்றார் வடிவக்கா.

மானேஜர் கிருபாநிதி பெருமூச்சு விட்டுக்கொண்டே மௌசைத் தட்டினார். கட்டுப்பாட்டு அறையின் கூரையில் மாட்டியிருக்கும் காமிரா எடுத்த படம் அது. சத்தம் கிடையாது. மேஜைமேல் நாற்பது அங்குல மானிட்டர் இருக்கிறது. அதற்கு முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அங்கே வேலை பார்க்கும் ஜெபிஷா உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ கூச்சல் கேட்டு எழுகிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். வெளியே ஓடவில்லை. மானிட்டர் பக்கம் திரும்பிக் குனிந்து, ஆள்காட்டி விரல் நகத்தால் திரையில் ஒரே இடத்தைச் சுரண்டுகிறாள். விடாமல் சுரண்டுகிறாள். பதினோராவது விநாடியில் கை அப்படியே தொங்கிப் போகிறது.

"பாத்துக்கோங்க மேடம். அங்கன ஒருத்தன் கால் போயிட்டு. இவ இங்கன நின்னு கண்ணாடியைச் சுரண்டுதா," என்றார் கிருபாநிதி. "தெரிஞ்சே அசட்டையா இருந்துட்டா. பிறகு பயந்துபோயி அழிக்கப் பாத்திருக்கா."

"கம்ப்யூட்டர் புள்ளியை நகத்தால அழிக்க முடியும்னா, எங்க வீட்டு கரண்ட் பில்லை நான் இப்படித்தான் சார் குறைச்சிருப்பேன்," என்றேன்.

அவர் என்னை முறைத்தார். வடிவக்கா முறைக்கவில்லை. நோட்டில் 'நகம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

வடிவக்காவின் முழுப்பெயர் அருணாசலவடிவு. சொந்த ஊர் கொற்கை. இருபத்திரண்டு வருஷம் கப்பல் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து, மூழ்காத கப்பல்களை மூழ்கியதாகச் சொன்னவர்களையெல்லாம் மூழ்கடித்துவிட்டு, இப்போது தூத்துக்குடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் சுடலைராஜ். அவருக்கு உதவியாளர், டிரைவர், சுக்குக் காப்பி பிளாஸ்க் தூக்கி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசிட்டிங் கார்டுதான் கொடுத்திருக்கிறார்.

ஒன்பது நாளைக்கு முன்னால் நடந்தது இது. 'நீலத்திரை மரைன்' என்ற இந்தக் கம்பெனி துறைமுகத்தில் இழுவைப் படகுகளை ஓட்டுகிறது. நாலாம் தளத்தில் நின்ற ஒரு கப்பலின் புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டது. அதை அறுக்க ஆன்றோ இறங்கினார். முன்பு சங்கு குளித்தவர், நாற்பது வயது. அவர் கயிற்றில் கட்டிய ரப்பர் டியூப் தண்ணீருக்கு மேலே மிதக்கும். டியூபில் ஒரு டிராக்கர் இருக்கும். அது இருக்கும் இடம் இந்தக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளி தெரிந்தால் அந்தப் பக்கம் எந்தப் படகும் போகக் கூடாது. அன்று பதினொன்று முப்பதுக்கு இழுவைப் படகுக்காரன் வயர்லெஸ்ஸில் வழி கேட்டான். ஜெபிஷா திரையைப் பார்த்துவிட்டு, "நாலாம் தளம் காலி, போகலாம்" என்றாள். ஆன்றோவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

எதற்குத் திரையைச் சுரண்டினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெபிஷா சொன்ன ஒரே பதில், "தெரியல." இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளைக் கைது செய்வதாக இருந்தார். நல்ல மனுஷர், அதனால்தான் மணி சொல்லிவிட்டுச் செய்கிறார்.

எங்களைக் கூப்பிட்டது முத்துச்செல்வம். இதே கம்பெனியின் சாஃப்ட்வேர் ஆள், ஆத்தூர்க்காரன், முப்பதுகூட ஆகாது. நேற்றுக் காலை எங்கள் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஜெபிஷா வேணும்னு செய்யல மேடம். அவ அதைப் பொட்டுன்னுதான் நெனச்சிருப்பா. எப்படியாவது அவளைக் காப்பாத்துங்க" என்று சொல்லி அழுதான். பொட்டு எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆண்பிள்ளை அழும்போது குறுக்குக் கேள்வி கேட்க வேண்டாமென்று விட்டுவிட்டேன். வடிவக்கா மட்டும் அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அந்த மானிட்டரை நேர்ல பாக்கணும் சார்," என்று எழுந்தார் இப்போது.

கட்டுப்பாட்டு அறையில் பேச்சிச்செல்வி வேலையில் இருந்தாள். ஜெபிஷாவோடு சேர்ந்து வேலை பார்த்தவள். கிருபாநிதி எங்களைச் சொன்னதும் எழுந்து நின்று, கண்ணை மட்டும் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்தத் திரையை நான் இரண்டு நிமிஷம் பார்த்திருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடல், தளம், கப்பல், படகு எல்லாம் அழகாகத்தான் வரைந்திருந்தது. ஆனால் ஒன்றும் நிலையாக நிற்கவில்லை. பழைய டியூப்லைட் எரிவதுபோல எல்லாம் சிமிட்டிச் சிமிட்டி வந்தது.

"இதையா எட்டு மணி நேரம் பாக்கீங்க?"

"எனக்குப் பழகிட்டு அண்ணாச்சி. ஜெபிக்குத்தான் ஆகவே இல்ல. டெய்லி தலைவலி. ரூமுக்குள்ளயே கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. சினிமாக்காரி வந்துட்டான்னு நாங்க கேலி பண்ணுவோம்."

வடிவக்கா திரைக்கு அருகில் போய்க் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "செவப்பா மூணு புள்ளி இருக்கே. மூணு பேரா தண்ணிக்குள்ள இருக்காங்க?"

"இல்லக்கா. அது பொட்டு."

நான் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே பொட்டுதான். சிவப்பு வட்டம், கடையில் அட்டையில் விற்கிற சாதாரண ஸ்டிக்கர் பொட்டு. விரலில் மேடு தட்டியது.

"கப்பலைக் கயித்துல கட்டி நிறுத்துற இரும்பு மிதவை மூணு புதுசாப் போட்டிருக்காங்க," என்றாள் பேச்சிச்செல்வி. "இந்தப் படத்துல அதெல்லாம் ஏறல. படகுக்காரங்க கேட்டா இடம் சொல்லணும்லா. அதான் நான் பொட்டு ஒட்டி வச்சேன். ஜெபி நாசரேத்துக்காரி, பொட்டு வைக்கமாட்டா. அதனால பொட்டு சப்ளை எப்பவும் நான்தான்."

வடிவக்கா மானேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"படத்தை அப்டேட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கு மேடம்," என்றார் கிருபாநிதி. "தசராவுக்கு முன்னாலேயே எழுதியாச்சு."

"எந்த தசரா சார்?"

கிருபாநிதிக்கு ஒரு போன் வந்ததுபோல் இருந்தது. எனக்கு மணி ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"சரிம்மா. மிதவையும் செவப்பு, ஆளும் செவப்பு. குழம்பிப் போகாதா?" என்று கேட்டார் வடிவக்கா.

பேச்சிச்செல்விக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அதெப்படிக்கா குழம்பும்? பொட்டு மேல ஒட்டினது, அது அசையாம இருக்கும். ஆளு கம்ப்யூட்டர் போடுற புள்ளி, அது சிமிட்டும். இந்தா பாருங்க, ரெண்டாம் தளத்துல இப்ப ஒருத்தர் இறங்கியிருக்காரு." அவள் காட்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு வந்தது. "புதுசா வேலைக்கு வாரவங்களுக்கு நாங்க முதல்ல சொல்லிக் கொடுக்கதே இதான். கண்ணடிச்சா ஆளு, கம்முன்னு கெடந்தா மிதவை."

"இந்த ஊர்ல கண்ணடிச்சும் வேலை நடக்கிற ஒரே ஆபீஸ் இதுதான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வடிவக்காவின் முகம் இறுகியிருந்தது.

"அப்போ அன்னிக்கு ஆன்றோ புள்ளியும் கண்ணடிச்சிட்டுத்தான இருந்திருக்கும்? அதை எப்படி ஒருத்தி பொட்டுன்னு நெனப்பா?"

பேச்சிச்செல்வியின் சிரிப்பு அடங்கிவிட்டது. "நெனக்க முடியாதுக்கா," என்றாள் மெல்ல. "நானும் ஒம்போது நாளா அதைத்தான் யோசிக்கேன்."

"அன்னிக்கு எத்தனை பொட்டு இருந்துச்சு?"

"மூணுதான். ஆனா முந்தின நாளு அவகிட்ட சொல்லிட்டுப் போனேன். நாலாவதா ஒரு மிதவை போடப் போறாங்களாம், நாலாம் தளத்துக்கு நேரா, நான் பொட்டு ஒட்டிருதேன்னு. பிறகு மிதவையே போடல. நானும் ஒட்டல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிமிட்டும் புள்ளியைப் பொட்டு என்று நினைத்தாள் என்றால் இனி யாரும் நம்பமாட்டார்கள். ஜெபிஷாவைக் காப்பாற்ற வந்த இடத்தில் அவள் காலடி மண்ணையும் நாங்களே தோண்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. முத்துச்செல்வம் அங்கேதான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு போனது.

"தம்பி, உன் படம் ஏன் இப்படிச் சிமிட்டுது? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு," என்றார் வடிவக்கா.

"படகு நகரணும்னா படத்தைத் திரும்பத் திரும்ப வரையணும் மேடம். ஒவ்வொரு தடவையும் புரோகிராம் திரையை மொத்தமா அழிக்குது. பிறகு கடலை வரையுது, தளத்தை வரையுது, கப்பலை வரையுது. கடைசியாத்தான் ஆளோட புள்ளி. எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது. அழிச்ச நேரத்துல கண்ணுக்குக் காலியாத் தெரியும். கடைசியா வரையுறதுதான் ரொம்ப நேரம் இல்லாம இருக்கும். அதனால புள்ளி எல்லாத்தையும் விட மோசமாச் சிமிட்டும்."

"இதைச் சரி பண்ண முடியாதா?"

"முடியும்." அவன் குரலில் முதல்முறையாக ஓர் உயிர் வந்தது. "கண்ணுக்குத் தெரியாம பின்னாடி ஒரு தாள் வச்சுக்கணும். அழிக்கிறது, வரையிறது எல்லாம் அதுல. முழுசா முடிஞ்ச பிறகு ஒரே போடா முன்னாடி கொண்டுவந்து காட்டணும். பாக்கிறவங்களுக்கு அரைகுறைப் படம் தெரியவே தெரியாது."

வடிவக்கா யோசித்தார். "ஹோட்டல்ல போர்டை அழிச்சு அழிச்சு எழுதாம, இன்னொரு போர்டுல எழுதி வச்சுக்கிட்டு டக்குன்னு மாத்தி மாட்டுற மாதிரி."

"ஆமா மேடம். அதேதான்."

"பெரிய வேலையோ?"

"முப்பது வரி மேடம். அவ்வளவுதான்."

"பின்ன ஏன் செய்யல?"

அவன் கையைப் பிசைந்தான். "ஜெபிஷா மூணு தடவை எழுதிக் கொடுத்தா. ஓடுற புரோகிராமைத் தொடாதேன்னுட்டாரு மானேஜர் சார்."

"நீ தொடல?"

"தொடல."

வடிவக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறியதும் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு விடுலே. அந்தப் பிள்ளை அங்கனதான் இருக்கும்."

இருந்தாள். ஆன்றோ படுத்திருந்த வார்டுக்கு வெளியே வராந்தாவில் மூன்று நாற்காலிகள் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் ஆன்றோவின் மனைவி இஞ்ஞாசி. பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஒயர் கூடை. அதற்கும் அடுத்ததில் போர்வை. ஜெபிஷா எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளும் இப்படித்தானாம். காலையில் வருவாள், தரையில் உட்காருவாள், இருட்டும்போது போவாள். இஞ்ஞாசி அவளைத் திட்டவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கூடையை மட்டும் எடுக்கவில்லை.

ஜெபிஷாவின் வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. நகம் பாதியில் உடைந்திருந்தது.

வடிவக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "இன்ஸ்பெக்டர்கிட்ட தெரியலன்னு சொன்ன. என்கிட்ட தெரிஞ்சதைச் சொல்லு. எதுக்குச் சுரண்டின?"

"சொன்னா யாரு மேடம் நம்புவா?"

"நான் இருபத்திரண்டு வருஷம் பொய்யை மட்டும் கேட்டவ. நெசம் வந்தா எனக்குச் சட்டுன்னு தெரிஞ்சுரும்."

ஜெபிஷா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பொட்டுன்னு நெனச்சேன். பேச்சி நாலாவது பொட்டு ஒட்டிருதேன்னு சொல்லியிருந்தா. அன்னிக்கு இறங்குறது மத்தியானம்னுதான் எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க. நீரோட்டம் கம்மியா இருக்குன்னு சீக்கிரமே இறங்கியிருக்காங்க. எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுச்சு. உடனே பிச்சுப் பாத்தேன். பொட்டுன்னா நகத்தோட வந்திரணும்லா மேடம்? வரல. எவ்வளவு பிச்சும் வரல."

எதிரே இஞ்ஞாசி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் புள்ளி கண்ணடிச்சிருக்குமேம்மா."

"அடிக்கல. ஆண்டவர் அறிய அடிக்கல. அசையாம நின்னுச்சு. ஆனா எல்லாரும் ஓடிட்டுத் திரும்பி வந்தப்போ ஸ்க்ரீன் பழையபடி சிமிட்டுது. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துட்டு. தலைவலியில கண்ணு ஏதோ காட்டிருச்சோன்னு..."

"அன்னிக்குத் தலை வலிச்சுதா?"

ஜெபிஷா முதல்முறையாக வடிவக்காவின் முகத்தைப் பார்த்தாள். "இல்ல மேடம். இந்த வேலைக்கு வந்த பிறகு அன்னிக்கு ஒருநாள்தான் வலிக்கல. பதினோரு மணிக்கு டீயோட ஒரு மாத்திரை போட்டேன். என்னைக்கும் கேக்காத மாத்திரை அன்னிக்குப் பத்து நிமிஷத்துல கேட்டுட்டு."

வடிவக்கா எழுந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு முழங்கால் வலி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஏலே, வண்டியை எடு."

மணி மூன்று. கிருபாநிதியின் அறையில் மறுபடி அதே காமிராப் படம். ஆனால் வடிவக்கா இந்தத் தடவை அந்தப் பதினோரு விநாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "காலையிலிருந்து போடுங்க சார்" என்றார். பேச்சிச்செல்வி வேறொருத்தியைத் திரைமுன் உட்கார வைத்துவிட்டு வந்து நின்றாள்.

பதினொன்று நாலுக்கு ஜெபிஷா டீ குடிக்க எழுந்து போகிறாள். பதினொன்று ஏழுக்கு மானிட்டர் ஒரு தடவை இருண்டு, மறுபடி வருகிறது. பதினொன்று ஒன்பதுக்கு ஜெபிஷா திரும்பி வந்து உட்காருகிறாள். பதினொன்று பதினாலுக்கு அவள் ஒரு சின்னக் காரியம் செய்கிறாள். நாங்கள் யாரும் அதை இதற்கு முன்னால் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று விட்டிருப்போம்.

கூலிங் கிளாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மாத்திரை கேக்கல," என்றார் வடிவக்கா. "திரை சிமிட்டுறது நின்னுட்டு. அதான் கண்ணு வலியும் நின்னுட்டு. ஏலே, இப்ப அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு ஓடுன படத்தை ஒவ்வொரு துண்டா நிறுத்திக் காட்டு."

நிறுத்தினேன். ஒரு துண்டில் கப்பல் இருந்தது, அடுத்ததில் இல்லை. ஒன்றில் மூன்று பொட்டு மட்டும் வெறுந்திரையில் நின்றது. பதினொன்று பத்துக்கு ஓட்டி, அதேபோல் நிறுத்தினேன். கப்பல் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. நாற்பது துண்டு பார்த்தேன், நாற்பதிலும் எல்லாமே இருந்தது. பதினொன்று பதினாறில், ஜெபிஷா குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், நாலாம் தளத்துக்கு நேராக நாலாவது சிவப்புப் புள்ளி வந்து நின்றது. மற்ற மூன்றைப் போலவே சிமிட்டாமல் நின்றது.

பேச்சிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். "கம்முன்னு கெடக்கு," என்றாள் விரலுக்குள்ளிருந்து. "மாதாவே... கம்முன்னு கெடக்குக்கா." நெற்றியில் பொட்டும் திருநீறுமாக நின்றவள் மாதாவைக் கூப்பிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"இன்னும் ஓட்டு," என்றார் வடிவக்கா.

சுரண்டல் முடிந்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். ஜெபிஷாவும் ஓடினாள். காலியான அறைக்குள் ஓர் ஆள் வந்தான். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் கை வைத்தான். பிறகு கீபோர்டில் ஏதோ தட்டினான். மானிட்டர் இருண்டு, வந்தது. அதற்குப் பிறகு நிறுத்திப் பார்த்த துண்டில் கப்பல் இல்லை.

"உள்ள வந்தது ரெக்கார்டை சேவ் பண்ணத்தான்னு சொன்னானே!" என்றார் கிருபாநிதி.

அந்த முதுகை எனக்கு அடையாளம் தெரிந்தது. நேற்று எங்கள் ஆபீசில் குலுங்கிய முதுகு. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் எனக்கு யார்மீது என்று தெரியாமல் கோபம்தான் வந்தது.

முத்துச்செல்வம் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

வடிவக்கா நோட்டைப் புரட்டினார். "நேத்து நீ சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன் தம்பி. 'அவ அதைப் பொட்டுன்னுதான் நெனச்சிருப்பா.' காலையில பேச்சி சொன்ன பிறகுதான் இது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு புரிஞ்சுது. சிமிட்டுற புள்ளியை இந்த ரூம்ல யாரும் பொட்டுன்னு நெனக்க முடியாது. அவ அப்படி நெனச்சிருப்பான்னு ஒருத்தனுக்குத் தோணணும்னா, புள்ளி சிமிட்டலைன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அவளே யாருகிட்டயும் சொல்லாத விஷயம் அது."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா மேடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து டெய்லி பாப்பேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினேன். டீ குடிக்கப் போன நேரத்துல போட்டேன். வந்து பாத்துட்டு, என்ன செஞ்ச முத்துன்னு அவளே கேப்பான்னு..."

"பேச்சி சொல்லிக் கொடுக்கிற அந்தப் பாடம் உனக்குத் தெரியாதா?"

"நூறு தடவை கேட்டிருக்கேன் மேடம். ஆனா எனக்கு அந்தச் சிமிட்டல் ஒரு தப்பு. என்னோட தப்பு. அதைச் சரி பண்ணணும்னு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்தத் தப்பை வச்சுத்தான் இவங்க ஆளைக் கண்டுபிடிக்காங்கன்னு, போடும்போது எனக்கு நெனப்பே வரல. சத்தம் கேட்டு ஓடிவந்து திரையைப் பாத்தப்போதான் நெனப்பு வந்துச்சு."

"உடனே பழசை எடுத்துப் போட்டுட்ட."

"பயந்துட்டேன்."

"பின்ன எதுக்குலே எங்களைக் கூப்பிட்ட?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"என் வாயால சொல்ல முடியல அண்ணே. நீங்களாக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

கிருபாநிதிக்குச் சட்டென்று தெம்பு வந்துவிட்டது. "பெர்மிஷன் இல்லாம கை வச்சிருக்கான் மேடம். கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

வடிவக்கா பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மூணு மிதவையை ஒரு படத்துல ஏத்தாம, பொட்டு ஒட்டித் துறைமுகத்தை நடத்தினது யாரு சார்? தலைவலின்னு ஒரு பொம்பளைப் பிள்ளை மூணு தடவை எழுதிக் கொடுத்த காகிதம் எங்க? இன்ஸ்பெக்டர் அதையும் கேப்பாரு. எடுத்து வையுங்க."

பிறகு முத்துச்செல்வத்தின் தோளைத் தொட்டு எழுப்பினார். "ஸ்டேஷனுக்குப் பிறகு போகலாம். முதல்ல ஆஸ்பத்திரிக்கு வா."

"அவகிட்ட நான் சொல்லணுமா மேடம்?"

"ஒம்போது நாளா அவ தன் கண்ணையே நம்பாம இருக்கா. நீதான் சொல்லணும்."

நாங்கள் வராந்தாவுக்குள் நுழையும்போது மணி நாலரை. ஜெபிஷா அதே தரையில் இருந்தாள். எங்களோடு முத்துச்செல்வத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவன் ஓர் எட்டு தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தாள், முப்பது வரி, டீ குடிக்கப் போன நேரம், பழையதைத் திரும்பப் போட்டது, எதையும் விடவில்லை. ஓரத்து நாற்காலியில் இஞ்ஞாசி செபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ஜெபிஷா கேட்டு முடித்தாள். அவள் அவனை அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எங் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு," என்றாள்.

"சரியாத்தான் பாத்துச்சு ஜெபி."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா முத்து."

"நீயாப் பாத்துச் சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்."

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு," என்றாள் ஜெபிஷா. "அந்தக் கால் மணி நேரமும் ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. மாத்திரைன்னு நெனச்சேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது நாளாக அழாத அழுகையை அழுதாள். முத்துச்செல்வம் கையை நீட்டப் போய், நீட்டாமல் நிறுத்திக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தி சொன்னபடி ஐந்து மணிக்கு வந்தார். வடிவக்கா அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். அவர் ஜெபிஷாவை ஒரு தடவை பார்த்தார், தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார், முத்துச்செல்வத்தை மட்டும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். படித் திருப்பத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். ஜெபிஷா பார்க்கவில்லை.

"உம்மேல கேஸ் இருக்காது. நீ வீட்டுக்குப் போகலாம்," என்றார் வடிவக்கா. "நாசரேத்துக்கு நாங்களே கொண்டுவந்து விடுதோம்."

ஜெபிஷா தலையை அசைத்து வேண்டாம் என்றாள். வார்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு பழையபடி தரையில் உட்காரப் போனாள்.

"ஏ பிள்ள."

இஞ்ஞாசிதான். அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான். பக்கத்து நாற்காலியிலிருந்த ஒயர் கூடையை எடுத்துத் தன் காலடியில் வைத்தாள்.

"தரையில ஈரமா கெடக்கு. இங்கன வந்து இரு."

ஜெபிஷா போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.